வீரனின் மூக்கு

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் வீட்டில் வேறு பறவை வளர்க்கக் கூடாது. நோய் தொற்றிக்கொண்டால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும். வேலைக்கு வருகிற ஆட்களிடம்கூட, "உங்க ஊட்டுல ஒத்தைக் கோழி இருக்கக் கூடாது, புறா இருக்கக் கூடாது" என்று சொல்லித்தான் சேர்ப்போம். அப்படிச் சொல்கிற முதலாளியின் தோளிலேயே ஒரு பஞ்சவர்ணக்கிளி உட்கார்ந்திருந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? மோகனூர் சாலையில் டீக்கடைக்குக் கடை சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கதிர்வேல் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கிளியைக் கொண்டுவந்தது எங்கள் மகள் அபிநயா. கோயமுத்தூரில் படித்தபோது, இறகுகூட முளைக்காத குஞ்சாக வாங்கி, அட்டைப்பெட்டியில் வைத்துப் பேருந்திலேயே எடுத்து வந்தாள். பார்க்கச் சகிக்காது. அன்றைக்கு இவர் கேட்ட முதல் கேள்வி, "இது முட்டை வெக்குமா?" என்பதுதான். வைக்காது என்றதும், "அப்பறம் எதுக்குத் தீனி?" என்றார். அப்படிக் கேட்ட மனுஷர்தான் ஒரே வருஷத்தில் அதற்குப் பாதாம் பருப்பு வாங்கச் சேலத்துக்கு வண்டி எடுத்தார். எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பாதாம் வாங்கி வந்ததில்லை.

வீரன் என்று பெயர் வைத்ததும் அவர்தான். வளர்ந்தபின் அது வீரன் மாதிரியே இருந்தது. நீல முதுகு, மஞ்சள் நெஞ்சு, வாலோடு சேர்த்து என் கையை விட நீளம். கொட்டாங்குச்சியை உடைக்கிற கறுத்த மூக்கு. அந்த மூக்கு வெறும் மூக்கு இல்லை. அதைக் கொண்டுதான் கம்பியைப் பிடித்து மேலே ஏறும், இறங்கும், கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கும். அவர் பண்ணையிலிருந்து வந்து, தலையோடு குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு வரும்வரை கத்திக்கொண்டே இருக்கும். குளிக்காமல் அதைத் தொட மாட்டார். அதைத் தொட்ட கையோடு கொட்டகைக்கும் போக மாட்டார். மற்றபடி எந்நேரமும் அவர் தோள்தான். என்னிடமும் அபிநயாவிடமும் வரும், இருக்கும், போகும். அவர் ஒருவரிடம் மட்டும் மல்லாந்து படுத்துக் கால் இரண்டையும் தூக்கிக் காட்டும். அவர் வயிற்றைச் சொறிந்துவிட்டு, "என்ற சாமி, என்ற தங்கம்" என்று கொஞ்சுவார். பெற்ற மகளை அப்படிக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. எரிச்சலாகத்தான் இருக்கும்.

அபிநயாவைத் திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. அங்கேதான் தொந்தரவு ஆரம்பித்தது.

குழந்தை வந்த நாளிலிருந்து வீரனுக்குப் பொறுக்கவில்லை. அவர் குழந்தையை மடியில் வைத்தால் அது கத்திக் கூடத்தையே இரண்டாக்கும். தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. கூண்டில் அடைத்தால் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வந்துவிடும். நான் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன். அதையும் பிரித்தது.

ஒரு நாள் சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். விருந்தாளியாக ஒறம்பரை வந்த வீட்டில் வடையும் பாயசமுமாக நான் சமையலறையில் நின்றிருந்தேன். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கை சேலைக்கு வெளியே தொங்கியிருக்கிறது. வீரன் தரையில் நடந்துபோய், தொட்டில் சேலையைப் பிடித்து ஏறி, அந்தக் கையைக் கவ்விவிட்டது. சுண்டுவிரல் நுனியில் ரத்தம். குழந்தை வீறிட்ட சத்தத்தில் நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

காயம் பெரிதில்லை. அந்த மூக்கு நினைத்திருந்தால் விரலே இருந்திருக்காது. ஆனால் அதைச் சம்பந்தியிடம் சொல்ல முடியுமா? அவர் குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏனுங்க சம்பந்தி, கிளி வேணுமா, பேத்தி வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை வாரேன். அப்பவும் இது இந்த ஊட்டுல இருந்துச்சுன்னா, புள்ளையையும் தாயையும் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைவரைகூடக் காத்திருந்திருக்க மாட்டேன்.

அந்த வாரம் முழுக்க இவர் சரியாகச் சாப்பிடவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் காளியண்ணன், "எனக்குக் குடுங்க, வாசல்ல கட்டி வெச்சுக்கறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "கட்டி வெக்கறதுக்கு அதென்ன நாயா?" என்று இவருக்குக் கோபம் வந்தது. "அது நம்மள உட்டா எங்க போகும் மலரு? ஒரு வழி பண்றேன், பொறு" என்றார். என்ன வழி என்று கேட்டிருக்கலாம். அவர் மூஞ்சியைப் பார்த்துப் பாவமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை நானும் அபிநயாவும் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேலூர் போயிருந்தோம். பரமத்தி வேலூர்தான். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே ஒரு வாசம். மூக்கு வெட்டும் வாசம். பண்ணை வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது தெரியாமல் போகாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முட்டைக் கோழிகளைக் கூண்டில் நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று கொத்தும். ரத்தம் பார்த்துவிட்டால் கொத்தியே கொன்றுவிடும். அதனால் குஞ்சாக இருக்கும்போதே மூக்கின் நுனியை வெட்டிவிடுவோம். அதற்கென்று ஒரு மெஷின் உண்டு. கரண்டில் பழுக்கக் காய்ந்த பிளேடு இருக்கும். குஞ்சின் தலையைப் பிடித்து மூக்கை அதில் வைத்து அழுத்தினால் வெட்டும் ஆகிவிடும், ரத்தம் வராமல் சூடும் ஆகிவிடும். ஒரு குஞ்சுக்கு ஒரு மூச்சு நேரம்தான். என் வீட்டுக்காரர் கை இந்தப் பக்கத்திலேயே பெயர் பெற்ற கை. சின்ன வயசில் மற்ற பண்ணைகளுக்கும் போய் வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

மெஷின் பின்கட்டில் இருந்தது. அதன் பக்கத்தில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டெல்லாம் ரத்தம்.

"நுனிய மட்டுந்தான் மலரு," என்றார். "கொஞ்சம் மழுக்கி உட்டா கடிச்சாலும் காயம் படாதுன்னுதான். நாளைக்கு அவங்க வர்றப்ப காட்டலாம்னு. கோழிக்கு நிக்கற மாதிரி ரத்தம் நிக்க மாட்டீங்குது."

துண்டை விலக்கிப் பார்த்தேன். மேல் மூக்கில் பாதியைக் காணோம். கோழிக்கு நுனி எது என்று அவருக்குத் தெரியும். இதற்கு எலும்பும் நரம்பும் எதுவரை வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அபிநயா குழந்தையை என்னிடம் திணித்துவிட்டுக் கிளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எப்பிடிங்கப்பா புடிச்சீங்க இதைய? ரெண்டு ஆளு சேந்தாலும் புடிக்க முடியாதே."

அவர் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். சொன்னார்.

"நான் கூப்பிட்டேன். வந்து மடியில மல்லாந்து படுத்துக்கிச்சு."

அதைக் கேட்டதும் குழந்தையோடு வண்டிச் சாவி எடுக்க உள்ளே போனேன். அப்படி ஒரு கோபம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

நாமக்கல்லுக்கு ஓட்டினோம். கால்நடை டாக்டர் நிலா சின்னப் பெண். காயத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ரத்தத்தை நிறுத்தி, ஊசி போட்டு, வலிக்கு மருந்து கொடுத்தார். "உயிருள்ள இடத்துல வெட்டியிருக்காங்க. முழுசா வளராது. கொஞ்சம் வளரலாம். அதுக்கு முதல்ல இது பிழைக்கணும். பிழைக்கணும்னா சாப்பிடணும்," என்றார். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா சொன்னபடி வந்தார். கூண்டுக்குள் பார்த்தார். "ஐயோ, இப்பிடியா பண்ணச் சொன்னேன்? யாருக்காவது குடுத்துருவீங்கன்னுதானுங்களே நெனச்சேன்," என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தாயையும் பிள்ளையையும் சம்பந்தியம்மா கூப்பிடவே இல்லை. அபிநயாதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான் போறேன். இவரு கையில என்ற கொழந்தையக் குடுக்க எனக்குப் பயமா இருக்கு."

அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. பேத்தியை அப்பிச்சியான இவரிடம் ஒரு முறைகூடக் காட்டாமல் காரில் ஏறிவிட்டாள். பேத்தியும் வேண்டும், கிளியும் வேண்டும் என்றுதான் மனுஷர் அந்த வேலையைச் செய்தார். கார் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. தீவன அறையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். சோறு கொடுத்தனுப்பினேன். பாதி திரும்பி வந்தது.

வீரனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கூழ் காய்ச்சினேன். பூசணிக்காயை வேகவைத்துப் பிசைந்தேன். வாழைப்பழத்தை நசுக்கினேன். டாக்டர் கொடுத்த ஊசிக்குழாயில் எடுத்து வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்ளும். பலவந்தமாக ஊற்றினால் பாதி வெளியே வந்துவிடும். மேலே ஏற முடியாமல் கூண்டின் அடியிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை ஏறப் பார்த்தது. கம்பியைக் கவ்வ வாயைக் கொண்டுபோயிற்று. கவ்வ ஒன்றுமில்லை. சறுக்கி விழுந்தது. அதற்குப் பிறகு ஏறப் பார்க்கவில்லை. சத்தமும் போடவில்லை. வீடே செத்த வீடு மாதிரி இருந்தது.

நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். கோழியின் நெஞ்சைத் தொட்டே தீனி ஏறுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவோம் நாங்கள். எலும்பு கத்தி மாதிரிக் கையில் தட்டியது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"இது வழக்கமா யார் கையில சாப்பிடும்?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரர் கையில."

"அப்ப அவரைக் குடுக்கச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

போனை வைத்துவிட்டுப் பண்ணைக்கு நடந்தேன். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன். தீவன மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"வாங்க ஊட்டுக்கு. கிளி சாகக் கெடக்குது."

"நான் வந்து என்ன பண்றது?"

"தீனி குடுங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு மலரு அதுமுன்னால போயி நிப்பேன்?"

"பழைய மூஞ்சியவே வெச்சுட்டு வாங்க. அதுக்கு வேற மூஞ்சி தெரியாது." கோபத்தில்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "வெட்டறப்ப தைரியம் இருந்துச்சில்ல? இப்ப எங்க போச்சு? அது செத்துப்போனா நான் உங்களுக்குச் சோறு போட மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

எழுந்து வந்தார். எப்போதும் போலத் தலையோடு குளித்தார். வேட்டி மாற்றினார். பழக்கம் அதுபாட்டுக்கு நடந்தது. கூடத்துக்குள் வந்தபோது அவர் காலடிச் சத்தம் கேட்டு வீரன் தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்தது. அப்புறம் நடுங்க ஆரம்பித்தது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டிப்போய், கூண்டின் மூலைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் பூசணி மசியலை வைத்து நீட்டினார். கொஞ்சவில்லை, கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுமோ என்று பயந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. கை வலித்தபோது இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டார். மசியல் காய்ந்தது. நான் புதிதாகக் கொண்டுவந்து வைத்தேன். அதுவும் காய்ந்தது. பண்ணையிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. வெயில் கூடத்தைத் தாண்டிப் போயிற்று.

சாயங்காலம் ஆகும் நேரத்தில் வீரன் மூலையை விட்டு நகர்ந்தது. ஓரடி வரும், நிற்கும். நடுக்கம் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டேதான் வந்தது. கதவுப் படியைத் தாண்ட மூக்கை ஊன்றப் பார்த்துச் சறுக்கியது. அவர் இன்னொரு கை முன்னால் போயிற்று, ஆனால் பிடிக்கவில்லை. அதுவே எழுந்து வந்து, அவர் உள்ளங்கையில் அந்த வெட்டுப்பட்ட வாயை வைத்தது. பட்டதும் வலித்திருக்க வேண்டும், வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. மறுபடியும் வைத்தது. கீழ்வாயால் வழித்து, நாக்கால் தள்ளி, கொஞ்சம் உள்ளே போயிற்று. பாதிக்கு மேல் தரையில் சிந்தியது. ஆனால் விழுங்கியது. தொண்டை இறங்கியதை நான் பார்த்தேன்.

அவருக்குக் கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க இன்னொரு கையை அசைக்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏம் மலரு, கோழிகளுக்கும் இப்பிடித்தான் வலிச்சிருக்குமா?"

இந்த வீடு கோழி கட்டியது. அபிநயாவின் படிப்பு, கல்யாணம், அவள் கழுத்து நகை எல்லாம் கோழி போட்டது. வருகிற வாரம் புதுக் குஞ்சுகளுக்கு மூக்கு வெட்ட, பண்ணைகளுக்கு ஆள் பிடித்துத் தருகிற சின்னானிடம் சொல்லி வைத்திருந்தது. சொல்லி வைத்தது நான்தான்.

"கைய ஆட்டாதீங்க," என்றேன். "அது இன்னும் திங்குது."