பின்னால் நின்ற பாரம்

கிடங்கில் அவருக்குப் 'பாரம்' என்றுதான் பெயர். அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற வேலை. ஆனால் மரியாதை கிடைத்தது உடம்பால். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் சக்திக்கு மீறிய சுமையை எடுத்தால் முன்பக்கம் தாழ்ந்து, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். உடனே, "கூப்பிடுங்கப்பா பாரத்தை!" என்று குரல் பறக்கும். அவர் வந்து வண்டியின் பின்னால் ஏறி நிற்பார். பின்சக்கரம் அடக்க ஒடுக்கமாகத் தரையில் உட்காரும். வீட்டில் அவர் உட்கார்ந்தாலே, "அந்த நாற்காலி அழுவுது, காதுல விழலையா?" என்று மனைவி கிண்டலடிக்கிற அதே உடம்புக்கு இங்கே ஒரு பதவி! சும்மாவா?

பழக்கம் தப்புதான். ஆனால் இத்தனை வருஷத்தில் அங்கே ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

அவருடைய அப்பா காலத்தில் இந்த வண்டி ஏது? லாரியிலிருந்து இறக்குவதும் முதுகு, அடுக்குவதும் முதுகு. நாற்பதைத் தாண்டுவதற்குள் அப்பா கூனிப்போனார். இன்றைக்கு இரண்டு இரும்புக் கரங்கள் மூட்டைகளைப் பலகையோடு அள்ளி உச்சித் தட்டில் வைத்துவிட்டு வருகின்றன. அந்த வண்டிமேல் பாரத்துக்குத் தனி நன்றி. அதற்கே தான் கைகொடுக்கிறோம் என்ற பெருமை வேறு.

புதிதாக வேலைக்கு வந்த ஓட்டுநரம்மா அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டார்.

அன்று ஏதோ ஆலைக்குப் போகவேண்டிய இயந்திரம், பெரிய மரப்பெட்டியில். வண்டி அதைத் தூக்கியதும் பின்சக்கரம் எழும்பியது. பாரம் கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டார்.

"இறங்குங்கண்ணே," என்றார் ஓட்டுநரம்மா, பெட்டியைத் தரையில் வைத்தபடி.

"ஏம்மா, நான் ஏறாத வண்டியா இது?"

"நீங்க நின்னா நான் ஓட்ட மாட்டேன். பெட்டியைப் பிரிச்சு ரெண்டு நடையா எடுப்போம்."

மேற்பார்வையாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "வெளிய லாரிக்காரன் கத்துறான். ஓட்ட முடியலைன்னா வீட்டுக்குப் போம்மா. பழைய ஆளு ஓட்டிக்குவாரு."

ஓட்டுநரம்மாவின் முகம் சுண்டிப்போனது. கிடைத்து ஒரு மாதம்கூட ஆகாத வேலை. இருந்தும் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார்.

"வேலை போனாப் போகட்டும் சார். எடைதானே வேணும்? மணல் மூட்டையைக் கட்டுங்க. அதுவும் தப்புதான். ஆனா மனுஷன் வேண்டாம். சரின்னு சொல்லுங்க, சாவி தரேன்."

மேற்பார்வையாளர் தலையிலடித்துக்கொண்டு சரி என்றார். பாரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூட்டையும் நானும் ஒன்றா! அவர் நின்ற இடத்தில் மூட்டைகளைக் கட்டினார்கள். பழைய ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். முறைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற பாரத்தை, ஓட்டுநரம்மா சட்டையைப் பிடித்து இழுத்து ஒதுக்கினார்.

வண்டி திரும்பும்போது பெட்டியின் அடிப்பலகை முறிந்தது. பெட்டி சரிந்து விழுந்தது. பதறிப்போன பழைய ஓட்டுநர் சடாரென்று பின்னால் எடுக்க, வண்டி போய்த் தூணில் இடித்தது. தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் மூட்டைகள் நசுங்கி வெடித்தன. ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மணல் மட்டும் பாரத்தின் செருப்பு வரைக்கும் ஓடி வந்து நின்றது.

தான் நின்றிருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார் பாரம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தாயி, எம்பொண்ணுக்கு அப்பன்னு ஒருத்தன் மிஞ்சியிருக்கேன்னா அது உன்னாலதான். உன்னை மனசுக்குள்ள என்னென்னவோ திட்டிட்டேம்மா."

"எனக்கு நல்லாவே கேட்டுச்சுண்ணே," என்றார் ஓட்டுநரம்மா. சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது.

மேற்பார்வையாளர் சாவியைக் கொண்டுவந்து அவரிடமே நீட்டினார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இனிமே நீ சொல்றபடிதான்மா."

மறுநாள் காலை பாரம் மனைவியோடு வந்தார். அவருடைய மனைவி ஓட்டுநரம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நேத்து வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லிட்டு, அவரு நாற்காலியில உக்காந்தாரும்மா. அது கிரீச் கிரீச்சுன்னு கத்துச்சு. கேக்க எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"