லைசென்ஸ் யார் பேரில்?

கஞ்சா வழக்கில் உள்ளே போய் வந்தவள் கஞ்சா பயிரிடவே லைசென்ஸ் கேட்கிறாள் என்று கரடியனாறு ஊர் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். நான் கேட்டது போதை ஏறாத வகை. நாருக்காக வளர்ப்பது, கயிறும் துணியும் ஆவது. பழைய வழக்குக்காரரும் விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்க அறிவித்தல் வந்த கையோடு போட்டுவிட்டேன். மறியலில் சிறையிருந்து வந்தபிறகு எனக்கு யாரும் கூலி வேலைகூடத் தரவில்லை. மிச்சம் இருப்பது அம்மா சீதனமாகத் தந்த வீடும் மேட்டுக்காணியும்தான்.

என் புருசன் டிலக்சன் நல்லவர்தான். ஆனால் அவர் வாயில் வருவதெல்லாம் அவருடைய அண்ணனின் பேச்சு.

"பிரஷாந்தி, கோவிக்காதகா. காணிய என்ட பேருக்கு மாத்தினா லைசென்ஸ் லேசாக் கிடைக்குமாம். பத்திரம் எழுதுற நொத்தாரிசோடயும் அண்ணன் கதைச்சிட்டார். எனக்கு வழக்கு ஒண்டும் இல்லத்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்ணுக்குத்தான். நாளைக்கு அது என் மகளுக்குப் போகவேண்டியது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, கடைசியில் என் காணியையே கடிக்க வந்துவிட்டார்கள்!

"தல போனாலும் மாத்தமாட்டன்" என்றேன்.

நேர்முகத்துக்கு இருவரும் லைசென்ஸ் கொடுக்கும் மட்டக்களப்புக் கந்தோருக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் விண்ணப்பத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி, பழைய வழக்கொண்டு கிடக்கே. காணிய இவர்ட பேருக்கு எழுதிப்போட்டு, இவர விண்ணப்பிக்கச் சொல்லுங்களன். எங்களுக்கும் கரச்சல் இல்ல."

டிலக்சன் தலையாட்டினார். அதைக் கண்டதும் இத்தனை வருசம் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஐயா, அந்தக் கஞ்சா மூட்டை என்ட இல்ல. இவர்ட அண்ணன் கொண்டந்து எங்கட குசினி அடுப்படியில ஒளிச்சு வெச்சது. பொலிஸ் வந்து, இது ஆருட வீடு எண்டு கேட்டாங்க. அண்ணனும் தம்பியும் ரெண்டு பேருமா என்னத்தான் கை காட்டினாங்க. சீதன வீடு, உறுதிப் பத்திரம் என்ட பேரிலதானே! மறியலுக்குப் போக என்ட பேர் போதும். லைசென்சுக்கு மட்டும் போதாதோ?"

அதிகாரி டிலக்சனைப் பார்த்தார். "உண்மையா தம்பி?"

பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன். "ஓம் ஐயா. அண்ணனுக்குப் பயந்து கோட்டில நீதவானுக்கு முன்னால வாய் திறக்கல்ல" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டார்.

அதிகாரி வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"லைசென்ஸ் கிடைக்கும் எண்டு நான் சொல்லேலாது தங்கச்சி. ஆனா விண்ணப்பம் உங்கட பேரிலயே மேல போகும். இவர் இப்ப சொன்னத எழுதித் தந்தா அதையும் சேர்த்து அனுப்புறன்."

டிலக்சன் என் முகத்தைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விடமுடியுமா? பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"அழுறத வீட்ட போய் அழுங்க. இப்ப எழுதுங்க."