முகூர்த்தப் புடவை கனத்தில் ஒரு ஸ்கோப்

துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப்பை வேணுகோபால் சார் புடவை நிறுக்கும் தராசில் வைத்தார். எண்ணூற்று எழுபது கிராம் காட்டியது. அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், பிரசவ வார்டில் பிள்ளையின் எடையைக் கேட்ட தகப்பன் மாதிரி.

"முகூர்த்தப் புடவை கனம் இருக்குதும்மா. டெல்லி சரக்குன்னா சும்மாவா?"

அடுத்து, நான் கொண்டுபோயிருந்த ஸ்கோப்பை வைத்தார். நானூற்றுப் பத்து. அதை இரண்டு விரலால் தூக்கி மகன் லோகேஸ்வரனிடம் நீட்டினார்.

"இது இன்னாபா, பொம்மைக் கடையில வாங்குனதா?"

லோகேஸ்வரன் சிரித்தான். அப்பா என்ன சொன்னாலும் சிரிப்பான். இருபத்தாறு வயதுக்குள் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே தொழில் அது.

காந்தி ரோட்டில் இருக்கும் பட்டுக்கடை வேணுகோபால் சாரின் பிழைப்பு. ஏர் ரைஃபிள் கிளப்புக்குத் தலைவராக இருப்பது பொழுதுபோக்கு. கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாலாஜாபாத் போகிற வழியில் மூடிக்கிடக்கும் ரைஸ் மில் குடோன், இருபத்தைந்து மீட்டர் நீளம், கோடியில் மணல் மூட்டைகள், நான்கு துப்பாக்கிகள். அங்கே வருகிறவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பது நான். பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது என்.சி.சி.யில் கற்றது. இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குப் பெயர் சேவையாம். சேவைக்கு ஒரு டீ உண்டு, தலைவர் நல்ல மனநிலையில் இருந்தால் ஒரு போண்டாவும்.

இப்போதுதான் சம்பளத்தோடு ஒரு வேலை கண்ணில் பட்டிருந்தது. மதனவதி அம்மா நடத்துகிற பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சி ஆரம்பிக்கப் போகிறார்கள். பத்து துப்பாக்கி, பத்து ஸ்கோப், ஒரு கோச். ஸ்கோப் எது என்று கிளப் சொல்ல வேண்டும். கோச் யார் என்றும் கிளப் எழுதிக்கொடுக்க வேண்டும். கிளப் என்றால் யார்? புடவைத் தராசு வைத்திருக்கிறவர்தான்.

"சார், பெட்டி மேல ஆறுல இருந்து இருபத்திநாலு, பெருக்கல் அம்பதுன்னு போட்டிருக்குது. அது இன்னான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பெரிய நம்பர்மா. பெரிசா இருந்தா நல்லதுதானே?"

முதலில் வரும் எண், உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. கடைசி எண், முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. இதைச் சொல்ல இயற்பியல் பட்டம்கூட வேண்டாம், பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படித்தால் போதும். இருபத்திநாலு மடங்கு பெரிதாக்கினால் இலக்கு மட்டுமா பெரிதாகும்? கை நடுக்கமும்தான். பதிமூன்று வயதுப் பிள்ளை அதற்குள் பார்த்தால் கறுப்பு வட்டம் குரங்கு மாதிரி குதிக்கும். ஐம்பது மில்லிமீட்டர் கண்ணாடி, இருட்டுகிற நேரத்தில் காட்டில் குறி பார்க்கிறவனுக்கு. எங்கள் குடோனில் டியூப் லைட் எரிகிறது. அவ்வளவு அகலமான கண்ணாடியை வைக்க ஸ்கோப்பை உயரமாகத் தூக்கி மாட்ட வேண்டும். பிள்ளைகளின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியாது, கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு சுடும்.

அதோடு அது நூறு மீட்டர் தூரத்துக்கென்று பொருத்தப்பட்டது. நாங்கள் சுடுவது இருபத்தைந்தில். அந்தத் தூரத்தில் உருவம் மங்கும். கண்ணை ஒரு நூல் நகர்த்தினால் உள்ளே தெரியும் குறுக்குக்கோடும் இலக்கின் மேல் நகரும். நான் கொண்டுபோனது நாலு மடங்கு, முப்பத்திரண்டு மில்லிமீட்டர். பத்து மீட்டர் வரைக்கும் தூரத்தைத் திருகி வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் இருக்கிற மாதிரி ஸ்பிரிங் ஏர் துப்பாக்கிக்கென்றே செய்தது.

இதையெல்லாம் சொன்னேன். வேணுகோபால் சார் ஒரு வாடிக்கையாளருக்கு வணக்கம் வைத்தார்.

"கனமா இருந்தா ஆடாது இல்ல, கிரேஸ்?" என்றான் லோகேஸ்வரன், புத்திசாலித்தனமாக ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"கனமா இருந்தாத்தான் ஆடும். ஸ்பிரிங் துப்பாக்கி ரெண்டு தடவ உதைக்கும்பா. முதல்ல பின்னால, உடனே முன்னால. தோட்டா துப்பாக்கிக்குச் செஞ்ச ஸ்கோப் ஒரு பக்க உதைக்குத்தான் தாங்கும். கனம் கூடக்கூட மாட்டியிருக்கிற வளையத்துல நகரும். உள்ள குறுக்குக்கோடு தளர்ந்துடும். நூறு குண்டு தாங்காது."

"ஏம்மா," என்றார் வேணுகோபால் சார், குரலை இறக்கி. "நாப்பது வருஷமா கையில எடுத்துப் பார்த்தே சரக்கு சொல்றவன் நானு. கனம்தான் தரம். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"பட்டுக்குப் பசை ஏத்துனாலும்தான் கனம் வருது, சார்."

கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அம்மா கையில் இருந்த புடவையை ஒரு முறை கசக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

வேணுகோபால் சார் என்னைப் பார்க்கவில்லை. தராசைத் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை மதனவதி அம்மா ரேஞ்சுக்கு வராங்க. என் ஸ்கோப்பைப் போட்டு நீ சுட்டுக் காட்டணும். இருவது குண்டு. நல்லா சுட்டா உன் பேரை எழுதித் தரேன். இல்லாட்டி லோகேசு இருக்கான்."

லோகேஸ்வரன் கோச்! துப்பாக்கியின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அவனுக்குத் தெரியும், அதில் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை குடோனுக்குப் போய் அந்தப் புடவைக் கனத்தை மாட்டினேன். திருகுகளைச் சீராக முடுக்கினேன். வளையத்தை ஒட்டி ஸ்கோப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சுட்டேன். முதல் ஐந்து குண்டும் நடுவில். அடுத்த ஐந்து ஒரு நகக்கண் அளவு கீழே, இடப்பக்கம். அடுத்த ஐந்து இன்னும் ஒரு நகக்கண். இருபதாவது குண்டில் பென்சில் கோட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் அரிசி அகலம் இடைவெளி. திரும்ப முடுக்கிச் சுட்டேன். அதே கதை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்தச் சனியன் நகர்கிற அளவு எனக்கு இப்போது மனப்பாடம். ஐந்து குண்டுக்கு ஒரு முறை, வேண்டுமென்றே ஒரு நகக்கண் மேலே, வலப்பக்கம் குறி வைத்தால் இருபதும் நடுவில் விழும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முயன்றும் பார்த்தேன். இருபது ஓட்டையையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்.

ஐயம்பேட்டையில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா பெயர் சாமுவேல். வாலாஜாபாத் மில்லில் மூட்டை தூக்குகிறார்.

"அப்படியே சுட்டுட்டு வாம்மா," என்றார். "வேலை கைக்கு வந்தப்புறம் நல்ல ஸ்கோப்பு மாத்திக்கலாம்."

"எப்படிப்பா மாத்துவாங்க? பத்து வாங்கி வெச்சிட்டு, அடுத்த வருஷம் வேற பத்தா வாங்குவாங்க? பசங்க குறி சரியா வெச்சும் கீழ போவும். நான்தான் அதுங்களப் பார்த்து உனக்குக் கை சரியில்லன்னு சொல்லணும்."

"நாங்க எவ்வளவோ பேருகிட்ட சரிங்க முதலாளின்னு சொல்லித்தான் உன்னைப் படிக்க வெச்சோம். நீ ஒரு நாளு சொன்னா இன்னா குறைஞ்சிடும்?"

அப்பா மேல் கோபம் வந்தது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லாததால் அந்தக் கோபத்தை வைக்கவும் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மதனவதி அம்மா வந்தார். வெள்ளை நூல் புடவை, கையில் குடை. நயினார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர். கிராமத்தில் நிலம், ஊரில் பள்ளிக்கூடம். உள்ளே வந்ததும் முதலில் கூரையைத்தான் பார்த்தார். உத்திரத்தில் புறாக்கள் உட்கார்ந்திருந்தன.

"காகிதத்தை மட்டும்தான் சுடணும். ஒரு புறா செத்தாலும் ஸ்கூல்ல இதை இழுத்துப் பூட்டிடுவேன்," என்றார். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் குடோனுக்குள் ஒருவர் பேசிய முதல் அறிவுள்ள வாக்கியம் அது.

வேணுகோபால் சார் ஸ்கோப்பை அவர் கையில் கொடுத்துக் கனத்தைக் காட்டினார். உள்ளே விளக்கு எரியும் என்றார். சிவப்பு, பச்சை இரண்டும் எரியும் என்று லோகேஸ்வரன் எரித்தும் காட்டினான். சீரியல் பல்பு வாங்க வந்தவர்கள் போல மூன்று பேரும் அதற்குள் குனிந்து பார்த்தார்கள். பிறகு நான் அதைத் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு சுடப் படுத்தேன்.

முதல் ஐந்தும் நடுவில். வேணுகோபால் சார் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் கை தட்டினார்.

ஆறாவது குண்டைப் போட்டேன். குறுக்குக்கோடு வட்டத்தின் நடுவில் அழகாக நின்றது. அது பொய் என்று எனக்குத் தெரியும். ஒரு நகக்கண் மேலே, வலப்பக்கம். அவ்வளவுதான். மாதம் பிறந்தால் சம்பளம். பெயருக்குக் கீழே கோச் என்று போட்ட அடையாள அட்டை. விரல் விசையில் இருந்தது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருந்தேன், கோடு மெல்ல மேலே போகவும் ஆரம்பித்துவிட்டது. நான்தான் அதை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

எனக்கே அருவருப்பாக இருந்தது. கோட்டை நடுவுக்குத் திருப்பினேன். நடுவிலேயே வைத்து மிச்சம் பதினைந்தையும் சுட்டேன்.

லோகேஸ்வரன் இலக்கு அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தான். ஓட்டைகள் நடுவிலிருந்து படிக்கட்டு இறங்குகிற மாதிரி இடப்பக்கம் கீழே போயிருந்தன. மூன்று படி, ஒவ்வொரு படியிலும் ஐந்து.

"பார்த்தீங்களா, பொண்ணுக்குக் கை நடுங்கிடுச்சு," என்றார் வேணுகோபால் சார் வருத்தத்தோடு. அந்த வருத்தத்தைப் பார்த்தால் நீங்களே நம்பியிருப்பீர்கள்.

"கை நடுங்கினா ஓட்டை நாலா பக்கமும் செதறும், சார். இது வரிசையா இறங்கிக்கினு இருக்குது. நகர்றது என் கை கிடையாது, உங்க டெல்லி சரக்கு. வளையத்தைத் தொட்டுப் பாருங்க."

மதனவதி அம்மா குனிந்து தொட்டுப் பார்த்தார். ஸ்கோப் அவர் விரலுக்கே ஆடியது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்தே தெரியும். நகர்றதுக்கு ஏத்த மாதிரி குறியை மாத்தி வெச்சு இருவதையும் நடுவுல போட்டிருப்பேன். போட்டும் பார்த்தேன்."

"அப்ப ஏன் போடல?"

"போட்டிருந்தா நீங்க பத்து வாங்கியிருப்பீங்க."

"என்னம்மா பேச்சு இது, பெரியவங்ககிட்ட!" என்று வேணுகோபால் சார் இடையில் வந்தார். "கடையில வாடிக்கைக்காரங்க எதிர்லயே என் பட்டுல பசைன்னு சொன்னவ இவ."

"கனத்தைப் பார்த்து ஸ்கோப் எடுக்கிறவருக்கு வேற எப்படிச் சொல்றது? நாளைக்கு மூக்குக் கண்ணாடியையும் கிலோ கணக்குலதான் வாங்குவீங்களா, சார்?"

லோகேஸ்வரன் சிரித்துவிட்டான். பழக்க தோஷம். அப்பா முறைத்ததும் நிறுத்தினான்.

மதனவதி அம்மா என்னிடமிருந்து நாலு மடங்கு ஸ்கோப்பின் விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டார். மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"ஸ்கோப் நீ சொன்னதையே வாங்கறோம்மா," என்றார். "ஆனா பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரவங்களுக்குப் பொறுமை வேணும். உனக்கு வாய் அதிகம். வேணுகோபால், உங்க பையனையே அனுப்புங்க."

என் மூளை வேண்டும், நான் வேண்டாம். இதைவிட மரியாதையாக யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை.

பத்து நாள் கழித்து லோகேஸ்வரன் போன் செய்தான்.

"கிரேஸ் மேடம்..."

மேடமாம்.

"ஸ்கோப் வந்துடுச்சு. பத்தையும் மாட்டிட்டேன். ஒரு பையன் சுட்டான், புருவத்துல இடிச்சு வீங்கிடுச்சு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்?"

"கோச் நீதானே?"

"கோச்சுக்காதீங்க மேடம். பசங்க பாவம்."

பசங்க பாவம். என் மாதிரி ஆட்களிடம் இலவசமாக வேலை வாங்க நினைக்கிறவர்கள் கடைசியில் எடுக்கும் ஆயுதம் இதுதான். அது குறி தப்புவதும் இல்லை.

"நாலு விரக்கடை விடு. நான் சொல்ற வரைக்கும் யாரும் சுடக்கூடாது," என்றேன். "மத்ததை அந்த அம்மா என்கிட்ட கேட்கட்டும்."

"அவங்க எப்படி மேடம் உங்களுக்குப் போன்..."

வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மதனவதி அம்மாவே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை.

"வாய் அதிகம் உனக்கு," என்றார்.

"ஆமாங்க."

"திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வா. லோகேஸ்வரனுக்கு உதவியா இரு. அப்புறம் பார்த்துக்கலாம்."

"உதவிக்கு வரமாட்டேங்க. கோச்சுன்னு ஆர்டர் போட்டு அனுப்புங்க, அன்னிக்கே வரேன். பொறுமை பத்தாதுன்னா அதையும் அந்த ஆர்டர்லயே எழுதிடுங்க, கையெழுத்துப் போடறேன்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

"உன் முழுப் பேரு இன்னா?" என்றார்.