பொட்டு வைத்த சர்வர்

நாட்டின் தலைநகரில், நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் மேகலாவுக்கு ஓர் ஆசை, சொந்தமாகச் சமையல் ஆர்டர் எடுத்துப் பிழைக்க வேண்டும். அதற்காகவே, பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரன் கேட்ட பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்காமல் வீட்டு சர்வராக்கிவிட்டாள். இணைய இணைப்புக்காரனை நச்சரித்து அதற்கு இணையத்தில் மாறாத முகவரி வாங்கினாள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஓட்டைப் பெட்டியிலிருந்து அவளுடைய ஆர்டர் பக்கம் ஊருக்கெல்லாம் தெரிந்தது. லேசுப்பட்ட காரியமா!

லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ச் சங்கத்தின் விஜயதசமி விருந்தைத் தனக்குத் தரும்படி கேட்டாள். செயலாளர் ராமசுப்ரமணியன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆயுத பூஜையன்னிக்கு மூணு மணிக்குள்ள நூறு சாப்பாடும் உன் பக்கத்துல பதிவாகணும். இல்லேன்னா பழைய ஆளுதான்."

ஆயுத பூஜையன்று காலை சங்க ஹாலில் போய் உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குள் இருபது பேர் பதிந்தார்கள். அப்புறம் பக்கம் செத்துப்போனது. ஆளாளுக்கு மொபைலை நீட்டினார்கள்.

"என்னம்மா இது, தொறக்கவே மாட்டேங்கறதே!" என்றார் செயலாளர். சிலர் சிரித்தே விட்டார்கள். மேகலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோ ஓட்டும் கணவன் வடிவேலுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தவன் திரும்பி வந்து எடுத்தபோது மணி இரண்டேகால்.

"கம்ப்யூட்டர் ஓடுதாங்க?"

"ஆயுத பூஜைல மிஷின் ஓடலாமா? அணைச்சு, தொடைச்சு, பொட்டு வெச்சு, மாலை போட்டிருக்கேன்" என்றான் பெருமையாக.

பாவி மனுஷன்! பக்திக்கு ஒரு அளவு வேண்டாமா?

"ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"அதை அணைச்சீங்களா?"

"அதெப்படி? மாவு கெட்டுப்போயிடுமே!"

"இதை அணைச்சா என் பொழப்பே கெட்டுப்போயிடும். ஜல்தி போடுங்க!"

வடிவேல் அம்மன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான், சுவிட்சைத் தட்டினான். கரண்ட் வந்தால் தானே எழுந்து பக்கத்தைத் திறக்கும்படி மேகலா முன்பே செய்து வைத்திருந்தாள். ஆனாலும் அந்த இரண்டு நிமிஷம் அவள் உயிர் அவளிடம் இல்லை.

"திறந்துடுச்சு!" என்று ஹாலில் மொபைலோடு இருந்த மீனாக்ஷி மாமி கத்தினாள்.

அப்புறமென்ன, பெயர்கள் மளமளவென்று விழுந்தன. ஐம்பது, எழுபது, தொண்ணூறு. மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் நூறு! மேகலா எழுந்து நின்று கையைத் தட்டினாள். சிரித்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

ராமசுப்ரமணியன் மட்டும் மொபைலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் இன்னும் பதியலியே. 'நூறு சாப்பாடும் முடிந்தது'ங்கறதே!"

"அச்சா, நூறுன்னு சொன்னது நீங்கதானே சார்?" மேகலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாளைக்கு வாங்க. நூத்தியோராவது இலை என் கணக்குல."