பிரேக் ஆயில்

மூன்றாவது செம்புத் தண்ணீரை அண்ணனின் வலது தோளில் ஊற்றும்போதுதான் தார்சோனோ அதைப் பார்த்தான். உடலைக் குளிப்பாட்டுவதற்காகக் கட்டியிருந்த துணி மறைப்பு காற்றில் விலகியது. வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டை ஒட்டிச் சாய்த்து வைத்திருந்த அண்ணனின் பழைய பைக் அருகே போனிஜான் குந்தியிருந்தான். கையில் ஒரு துணி. எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

தார்சோனோ பள்ளிவாசல் மோதினார் சொன்னபடி தொடர்ந்து தண்ணீர் ஊற்றினான். அண்ணனின் நெற்றிக் காயத்தில் மண் இன்னும் ஒட்டியிருந்தது. அதை விரலால் எடுத்தான்.

போனிஜான் அண்ணியின் தம்பி. ஊரில் பைக் பட்டறை வைத்திருப்பவன். வாய்க்கால் தண்ணீருக்காக அவனும் கர்யாடி அண்ணனும் போன அறுவடையின்போது சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை. இரண்டு வாரத்துக்கு முன் பைக்கின் முன் பிரேக்கில் ஆயில் கசிந்தபோது சுவர்த்தி அண்ணிதான் அதைத் தள்ளிக்கொண்டு போய்த் தம்பியிடம் விட்டாள். நேற்று காலை உருளைக்கிழங்கு மூட்டைகளோடு டியெங் மலையிலிருந்து இறங்கிய கர்யாடி, கடைசி வளைவில் திரும்பவில்லை. பள்ளத்தில் முதலில் இறங்கியவன் போனிஜான். பைக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவனும் அவன்தான்.

செமாராங் நகரில் பஸ் மெக்கானிக்காக இருந்த தார்சோனோ வந்து சேரட்டும் என்று அடக்கத்தை இன்று காலைக்கு வைத்திருந்தார்கள்.

உடலுக்குக் கபன் துணி சுற்ற மற்றவர்கள் வந்ததும் அவன் பின்பக்கம் போனான். போனிஜான் சட்டென்று எழுந்து கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"என்ன துடைக்கிற?"

"சேறு."

"சேறு சக்கரத்துல இருக்கு. நீ கோப்பையைத் துடைக்கிற."

ஹாண்டிலில் இருந்த பிரேக் ஆயில் கோப்பையின் மூடித் திருகுகள் இரண்டிலும் புதுக் கீறல்கள் மின்னின. யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

"தள்ளு."

தார்சோனோ பிரேக்கை அழுத்தினான். பிடி தடையில்லாமல் ஹாண்டில் வரைக்கும் போனது. கோப்பைக்குக் கீழே ஆயில் ஹோஸ் வந்து சேரும் இணைப்பைக் காய்ந்த துணியால் துடைத்து, பிடியைப் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்திவிட்டு விரல் வைத்துப் பார்த்தான். ஈரமில்லை. செம்பு வாசர் இரண்டும் புதுசு. இறுக்கியதற்கு அடையாளமாக போல்ட்டில் வெள்ளைக் கோடுகூடப் போட்டிருந்தது. கெடுக்க நினைத்தவன் இவ்வளவு ஒழுங்காகச் செய்வானா என்று தோன்றியது. அந்த நினைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள்ளிருந்து ஆயில் வழிந்து டிஸ்க் முழுக்கப் பூசியிருந்தது.

"இதை ஏன் விட்ட?"

"அப்ப இங்க கசியல. மேல மட்டும்தான்."

மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த ரப்பர், தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி உப்பி நெளிந்து கிடந்தது. அடியில் மிச்சமிருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்தான். வழுக்கல் வேறு மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து விரலை அதில் முக்கினான். பிரேக் ஆயில் என்றால் கரைந்து போயிருக்கும். இது வட்டமாக மேலே மிதந்தது.

"வேற ஆயில். நீ ஊத்தினியா?"

"நான் பட்டறைக்காரன்டா. இதை ஊத்தினா ரப்பர் சீல் எல்லாம் உப்பிப் போயிடும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவன்தான் ஊத்துவான்."

போனிஜான் வீட்டுப்பக்கம் பார்த்தான். உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த துணியை மடித்து, மறுபடி பிரித்தான்.

"நேத்து அக்கா என் சட்டையைப் பிடிச்சு உலுக்கினா. 'கோப்பையில குறைஞ்சிருக்கேன்னு நானே கோடு வரைக்கும் ஆயில் ஊத்தி வச்சேன், அப்பவும் வண்டி நிக்கலன்னா நீ என்னடா வேலை பாத்த'ன்னு கேட்டா." அவன் குரல் இறங்கியது. "எந்த ஆயில்னு நான் கேக்கல. துணி தைக்கிறவ வீட்ல மெஷின் ஆயிலைத் தவிர வேற எந்த ஆயில் இருக்கும்?"

தார்சோனோ டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதை வேலியோரச் செடியின் வேரில் கவிழ்த்தான்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ சொல்லப்போறியா?"

அதற்குள் பின்வாசலில் சுவர்த்தி வந்து நின்றாள். இரவு முழுக்க அழுத முகம். நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா தம்பி? இவன் என்ன பண்ணி வச்சிருக்கான்?"

தார்சோனோ வாயைத் திறப்பதற்குள் போனிஜான் சொன்னான். "போல்ட்டைச் சரியா இறுக்கலக்கா. என் தப்புதான்."

அவள் தார்சோனோவைப் பார்த்தாள். அவன் கண்ணில் அந்த வெள்ளைக் கோடு பட்டது.

"ஆமா அண்ணி," என்றான்.

"இவன் அவரைத் தூக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தொழுகை முடிந்து வாசலில் அண்ணனைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது போனிஜான் வேலியோரமாக ஒதுங்கி நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே போகும் ஏற்றத்தில் ஆண்கள் நடந்தார்கள். போனிஜான் பத்தடி விட்டுக் கடைசி ஆளாக வந்தான்.

பாதை திரும்பி வீடு மறைந்ததும், சந்தூக்கின் ஒரு மூலையைச் சுமந்திருந்த தார்சோனோ தலையைத் திருப்பினான்.

"வா. எனக்குத் தோள் வலிக்குது."

பக்கத்தில் யாரோ முனகினார்கள். மோதினார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஓதுவதை நிறுத்தவில்லை.

போனிஜான் அவன் இடத்துக்கு வந்து கழியின் கீழே தோளைக் கொடுத்தான். அவன் குட்டை. சந்தூக்கு அந்த மூலையில் லேசாகச் சரிந்தது. மற்ற மூவரும் முழங்காலைக் கொஞ்சம் மடித்து நடந்தார்கள்.