கேஸ்கட் அம்மாவின் பங்குகள்

குக்கர் கம்பெனியில் அவளுக்குக் கேஸ்கட் அம்மா என்றே பெயர். வருடா வருடம் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஏங்க, இந்தக் கேஸ்கட் ஒரு வருஷம்கூட தாங்க மாட்டேங்குதே, ஏன்?" என்று கேட்பாள். அரங்கமே சிரிக்கும். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே! கோட்டு போட்ட சேர்மன் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்லியே தீரவேண்டும். பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனியாயிற்றே. அத்தனை பேர் முன்னால் மழுப்பினால் மறுநாள் பத்திரிகையில் நாறிவிடும். ஒரு வருடம் அவள் கேட்டதற்காகவே புது ரப்பர் போட்டார்கள்.

வேறு யார் அவளுக்குப் பதில் சொல்ல இருந்தார்கள்? புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டு பேருமாகச் சேர்த்து வாங்கிய பங்குகள்தான் மிச்சம். வேற்றூரில் இருக்கிற மகனைக் கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்பான். அந்த அப்புறம் வந்ததே இல்லை. வீட்டில் வாயைத் திறந்து சத்தம் போடுவது அந்தக் குக்கர் ஒன்றுதான்.

அப்படியிருக்கையில் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் கம்பெனியை வளைத்துப் போட்டது. அநேகமாக எல்லோரும் விற்றுவிட்டார்கள். கம்பெனி சந்தையிலிருந்து வெளியேறியது. இனி எல்லாம் நாலு முதலாளிகளுக்குள்ளேயே. விற்காமல் இருக்கிற சில்லறைப் பங்குதாரர்கள் வந்தால் ஒரு வருடம்வரை அதே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சட்டம் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பங்கைச் சீந்த ஆளிருக்காது.

சேதி மகன் காதுக்கு எட்டியது. அதிசயம், அவனே ஃபோன் செய்தான்.

"அம்மா, பேசாம வித்துடு. இந்த விலை இனிமே கிடைக்காது."

"யோசிச்சு சொல்றேன்டா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டான். "வித்தாச்சா?" என்று ஆரம்பிப்பான், காது கிழியத் திட்டுவான், கடைசியில் போகிற போக்கில், "முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்றும் கேட்டுவிடுவான். இவளா விற்பாள்? மாதக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வருடமும் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கேள்வியை மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினாள். அரங்கம் இல்லை. கம்பெனி அலுவலகத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. நரைத்த தலையோடு கம்பெனிச் செயலாளர் ஒருவர், மேஜை மேல் ஸ்பீக்கர் போட்ட ஒரு ஃபோன். புது முதலாளிகளின் ஆள் அந்த ஃபோனுக்குள் இருந்தார். சேர்மனைக் காணவே காணோம்.

தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார் செயலாளர்.

பழக்க தோஷம், எழுந்து நின்றாள். "புது கேஸ்கட்டும் போன மாசம் பிஞ்சு போச்சுங்க. என்ன செய்யப் போறீங்க?"

"அதெல்லாம் உள்விவகாரம்மா," என்றது ஃபோன். "இப்ப நாங்க சந்தையில இல்ல. வெளியாளுங்களுக்கு விளக்கம் சொல்லணும்னு அவசியமில்ல."

"நான் எப்படிங்க வெளியாள்?"

ஃபோன் அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நின்றபடியே கண் கலங்கிவிட்டது.

செயலாளருக்கு என்னவோ போலாகிவிட்டது. "உக்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. அந்த விக்கிற ஃபாரத்தைக் குடுங்க."

காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். அந்த வாரமே பணம் வங்கிக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தது.

"என்னம்மா, வித்தாச்சா இல்லையா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"இல்லடா. இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன்."

"உனக்கு எத்தனை தடவைம்மா சொல்றது? கொஞ்சமாவது புரியுதா உனக்கு..."

"சொல்லு, சொல்லு," என்றாள். "இன்னும் நாலு மாசம் இருக்குல்ல."