ஓவனை எந்த உயரத்தில் வைப்பது

சர்க்கரை நோயால் அடெமாரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்த பிறகு, அவர்கள் உபெராபா நகரில் இருந்த மாடி வீட்டை விற்றுவிட்டு, லிஃப்ட் உள்ள கட்டடத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். அங்கே சமையலறை என்று வெறும் நாலு சுவர்தான் இருந்தது. அலமாரி அடித்து, ஓவன், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அதற்குள் பதித்துக் கொடுக்க, கடையிலிருந்து ரெஜானி என்ற பெண் அளவெடுக்க வந்தாள்.

வந்ததும் அவள் அடெமாரைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளை மேலே நீட்டச் சொன்னாள். எட்டுகிற இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். ஓவனை மடி உயரத்துக்கு இறக்கி, கதவு பக்கவாட்டில் திறக்கும்படி வைக்கலாம், அடுப்புக்கு அடியில் கால் நுழைய இடம் விடலாம் என்றாள். அடெமாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வங்கி மேலாளராக இருந்த காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை விருந்து அவருடைய சமையல்தான். அவர் சுடும் பன்றி இறைச்சிக்காகவே ஆட்கள் வருவார்கள்.

"இவளுக்குன்னு ஒண்ணும் யோசிக்காதம்மா," என்று மனைவி நில்சாவைக் காட்டிச் சொன்னார். "இவ செஞ்ச பீன்ஸ் குழம்பை ஒரு தடவ நாய்க்கு ஊத்தினேன். அதுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

நில்சா சிரித்தாள். அது நடந்தது அவர்கள் மகளின் ஞானஸ்நானத்தன்று. வங்கி ஆட்கள் அத்தனை பேர் முன்னால், கொல்லையிலிருந்து நாயைக் கூப்பிட்டு, அவள் ஆக்கிய பானையைக் கவிழ்த்தார். வந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அதன்பின் எந்த விருந்திலும் அவர் அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. அவளும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் நில்சா தனியாகக் கடைக்குப் போனாள். ரெஜானி கணினியில் படத்தைத் திறந்து காட்ட, ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னாள். ஓவனை மேலே ஏற்று, அதற்கும் மேலே மைக்ரோவேவை வை. அடுப்புக்குக் கீழே இடைவெளி வேண்டாம், அங்கே டிராயர் போட்டுவிடு. பிரிட்ஜில் சாப்பாட்டுத் தட்டெல்லாம் மேலே வருகிற மாதிரி, உறைய வைக்கும் பெட்டி கீழே இருக்கிற மாடலாகப் பார். பாத்திரம் கழுவும் மெஷின் மட்டும் அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கட்டும்.

சாருக்கு இது தெரியுமா என்று ரெஜானி கேட்டாள். நெருப்புக்கிட்ட போகக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள் நில்சா. சூடான தட்டு மடியில் விழுந்தால் யார் பார்ப்பது? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரெஜானி மாற்றிவிட்டாள்.

வேலை முடியும்வரை அடெமாரை அந்தப் பக்கமே விடவில்லை, தூசி ஆகாது என்று. குடி வந்த அன்றுதான் பார்த்தார். ஓவனுக்கு நேரே போய் நின்று, கையை உயர்த்தினார். விரல் நுனி கதவின் அடி விளிம்பைத் தொட்டது, அவ்வளவுதான்.

"தப்பா மாட்டியிருக்கானுங்க," என்றார்.

"நான் சொல்லித்தான் மாட்டினாங்க."

அவர் கத்தினார். அவளை என்னென்னவோ சொன்னார். நில்சா மேடையில் சாய்ந்தபடி, அவர் ஓயும்வரை நின்றாள். பிறகு காபி வேணுமா என்று கேட்டாள். காபிப் பொடி மேல் அலமாரியில் இருந்தது. வேணும் என்றார்.

முதல் சில வாரம் அவர் பழைய அடெமாராகவே இருந்தார். சோறு குழைஞ்சிருக்கு, இறைச்சி செருப்பு மாதிரி இருக்கு என்பார். அவள் தட்டை எடுத்து மைக்ரோவேவுக்குள் வைத்து மூடிவிட்டு டிவியில் தொடர் பார்க்கப் போய்விடுவாள். அவர் கூப்பிடுவார். தொடர் முடிந்த பிறகு வருவாள். நாலைந்து தடவை இப்படிப் பட்டினி கிடந்ததும் அவர் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவள் உப்பைக் கூட்ட ஆரம்பித்தாள். முதலில் ஒரு சிட்டிகை. அப்புறம் ஒரு கரண்டி.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, நில்சா."

அப்படி அவர் சொல்லக் கேட்டால் நெஞ்சு குளிரும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் குளிரவில்லை. ஆனாலும் உப்பைக் குறைக்கவில்லை. தனக்கு வேறு பாத்திரத்தில் ஆக்கிக்கொண்டாள்.

ஒரு அலமாரிக் கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று கூப்பிட்டதால், ரெஜானி மறுபடி வந்தாள். சாப்பாட்டு நேரம். அடெமார் பாதியாக இளைத்திருந்தார். நில்சா வற்புறுத்தி அவர் சட்டியிலிருந்தே ரெஜானிக்கும் ஒரு கரண்டி பீன்ஸ் வைத்தாள். வாயில் போட்டவளுக்கு விழுங்க முடியவில்லை. துடைக்கிற காகிதத்தில் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். அடெமார் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நில்சா கைகழுவப் போன நேரத்தில் ரெஜானி அவர் பக்கம் குனிந்தாள்.

"சார், ஓவனையும் டிராயரையும் மேல கீழ மாத்திடலாம். அரை நாள் வேலைதான். காசு வேணாம். நானே பண்ணித் தரேன்."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். நில்சா துண்டோடு அங்கே நின்றிருந்தாள்.

"வேணாம்மா," என்றார். "இப்படியே நல்லா இருக்கு."

நில்சா துண்டை மடித்து வைத்தாள். "வந்ததுதான் வந்த, இன்னொரு வேலையும் முடிச்சுக் குடுத்துடு. இந்தக் கீழ் டிராயருக்கு ஒரு பூட்டு போடணும். நான் வெளிய போனா இதைத் தொறந்து ரொட்டியும் பிஸ்கட்டும் எடுத்துத் திங்குறாரு. சர்க்கரை ஏறிடாதா?"

அந்த வீட்டில் அவர் கைக்கு எட்டும் சாப்பாடு அந்த டிராயரில் மட்டும்தான் இருந்தது. தன்னிடம் பூட்டு இல்லை என்று ரெஜானி சொன்னாள். பொய்தான், பையில் இருந்தது. அப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன், கீழே வாட்ச்மேனே போடுவான் என்றாள் நில்சா.

"போட்டுடும்மா," என்றார் அடெமார். "அவ சொல்றதும் சரிதான்."

ரெஜானி பையைத் திறந்தாள். துளை போட இடம் வேண்டும் என்று, அவர் தன் நாற்காலியைத் தானே பின்னுக்கு உருட்டிக்கொண்டார்.